அந்தமானின் கைதிக் குடியேற்றத்தைக் காலவரிசையில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

அந்தமானுக்குப் போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் விமானம் இறங்கிய அன்று மதியமே செல்லுலர் சிறையைப் பார்த்துவிடுகிறார்கள். சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சி, மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். கைதிகளின் கதை அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சிறை கட்டி முடிக்கப்பட்டது 1906இல். ஆங்கிலேயர்கள் முதல் கைதிகளை அங்கே இறக்கியது 1858 மார்ச்சில். இடையில் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அந்தத் தீவுகளில் கைதிகள் காடு வெட்டினார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள், தப்பி ஓடினார்கள், தூக்கில் தொங்கினார்கள், சிலர் கல்யாணம் செய்து குடும்பமும் நடத்தினார்கள். அதையெல்லாம் பார்க்காமல் சிறைக்குள் நுழைந்தால், அது ஏன் கட்டப்பட்டது என்பதே புரியாது.

அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சிறையைக் கடைசியில் பாருங்கள். கைதிகள் வந்த வரிசையிலேயே நீங்களும் போங்கள். ஐந்து நாள் ஒதுக்கினால் நிதானமாக முடியும்.

கிளம்புவதற்கு முன்

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரிலும் மழையும் புயல் சின்னங்களும் வரும். கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். நாம் பார்க்கப்போகும் இடங்களில் பாதி படகில் போக வேண்டியவை என்பதால் இது முக்கியம்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கப்பலும் உண்டு. ஏறக்குறைய மூன்று நாள் பயணம், மாதத்தில் சில தடவைகள்தான் புறப்படும், தேதி மாறவும் செய்யும். நேரமும் உடம்பும் இடம்கொடுத்தால் ஒருவழிப் பயணத்தையாவது கப்பலில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கைதிகளைக் கொண்டுபோன கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டிருக்கின்றன. சாவர்க்கரை 1911இல் 'மகாராஜா' என்ற நீராவிக் கப்பலில் இங்கிருந்துதான் ஏற்றினார்கள். நிலம் கண்ணில் படாத இரண்டு நாள்களைக் கடந்து போகும்போது, 'தீவாந்தர சிட்சை' (கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை) என்று நம் தாத்தா காலத்தில் ஏன் அவ்வளவு பயத்தோடு சொன்னார்கள் என்பது பிடிபடும். காலாபானி, அதாவது கறுப்பு நீர், என்ற பெயரும் அந்தப் பயத்தில் வந்ததுதான். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்களுக்கு, தண்டனை கப்பலில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது.

பெயர்களில் குழம்ப வேண்டாம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஹாரியட் மலை 2021 முதல் மணிப்பூர் மலை. டிக்கெட்டிலும் பலகையிலும் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரரும் படகுக்காரரும் பழைய பெயரைச் சொல்வார்கள். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் குடிமக்களுக்குப் போர்ட் பிளேரையும் சுற்றுப்புறத்தையும் பார்க்கத் தனி அனுமதி வேண்டாம், அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு விதி வேறு. டிக்கெட் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

தங்குவதற்கு அபெர்டீன் பஜார் பக்கம் அறை எடுங்கள். மணிக்கூண்டைச் சுற்றியுள்ள பகுதி அது. அங்கிருந்து சிறைக்கும் படகுத்துறைக்கும் நடந்தே போகலாம். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, இட்லியும் மீல்ஸும் கிடைக்கும். தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிற ஊர் என்பதால் கடைத்தெருவில் தமிழிலேயே பேசி வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆட்டோவில் ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள்.

இன்னொன்று. சென்னையில் கிளம்பும் முன் நேரம் கிடைத்தால் கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போய் வாருங்கள். வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அவருக்கும் 1908இல் தீவாந்தர தண்டனைதான் விதித்தார்கள், ஆனால் அந்தமானுக்கு அனுப்பவில்லை. கோவையிலும் கண்ணனூரிலும் சிறை வைத்தார்கள். அந்தமான் சிறையில் எண்ணெய் ஆட்டும் இடத்துக்கு முன் நிற்கும்போது, கிண்டியில் பார்த்த அந்தச் செக்கு உங்களுக்கு உதவும்.

கிழமையைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்

செல்லுலர் சிறைக்குத் திங்கட்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களும் விடுமுறை. ராஸ் தீவுக்குப் புதன்கிழமை போக முடியாது. சாத்தம் மரஅறுவை ஆலை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மானிடவியல் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் புதன்கிழமை போய் இறங்குவது வசதி. புதன் மாலை அருங்காட்சியகம், வியாழன் ராஸ் தீவும் வைப்பர் தீவும், வெள்ளி சாத்தமும் மணிப்பூர் மலையும், சனி முழுக்கச் சிறை, ஞாயிறு வெளிக் கிராமங்கள். விடுமுறை நாள்கள் அவ்வப்போது மாறக்கூடும், விடுதியில் ஒருதரம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைகிறது. நம் ஊர் நினைப்பில் நாலு மணிக்குக் கிளம்பினால் எதையும் பார்க்க முடியாது. காலையில் ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் மாலை: கைதிகளுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள்

மானிடவியல் அருங்காட்சியகம் சின்னதுதான், ஒரு மணி நேரம் போதும். ஆனால் இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கைதிக் குடியேற்றம் ஆளில்லாத தீவில் அமைக்கப்பட்டதாகச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பொய். போர்ட் பிளேர் இருக்கும் இடம் கிரேட் அந்தமானியர்களின் நிலம். கைதிகள் வெட்டிய ஒவ்வொரு மரமும் அவர்களுடைய காட்டிலிருந்து போனது. 1858இல் சில ஆயிரம் பேர் இருந்தவர்கள், குடியேற்றத்தோடு வந்த நோய்களால் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். 1877இல் பரவிய தட்டம்மை மிகப் பெரிய அழிவு. 1961 கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் 19 பேர்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால், படகுத்துறை வளாகத்தை ஒட்டி அபெர்டீன் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. பலர் அதன் முன்னால் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, அது என்ன என்று படிக்காமலே போகிறார்கள். 1859 மே மாதம் அந்தமானியர்கள் வில் அம்புகளோடு குடியேற்றத்தைத் தாக்கினார்கள். தாக்குதல் வரப்போவதை முன்கூட்டியே வந்து சொன்னவர் தூத்நாத் திவாரி என்ற கைதி. 1857 கிளர்ச்சியில் பங்கெடுத்ததற்காக அனுப்பப்பட்ட சிப்பாய் அவர். முந்தைய ஆண்டு தப்பி ஓடி, காட்டில் அந்தமானியர்களோடு ஒரு வருடம் வாழ்ந்து, அங்கே மணமும் செய்துகொண்டவர். அவர் வந்து சொன்னதால் ஆங்கிலேயர்கள் தயாராக இருந்தார்கள். துப்பாக்கிகளின் முன் அம்புகள் தோற்றன. திவாரிக்கு விடுதலை கிடைத்தது. அந்த மனிதரை எப்படி எடைபோடுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்தமானின் கைதி வரலாற்றில் இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். வீரர், துரோகி என்று பிரித்து வைக்க முடியாதவர்கள்.

ராஸ் தீவு

காலையில் முதல் படகைப் பிடியுங்கள். பத்து நிமிடம்தான் பயணம். ராஸ், நார்த் பே என்று சேர்த்து விற்கும் பேக்கேஜில் போனால் ராஸ் தீவில் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள், அடுத்த இடத்தின் கடல் விளையாட்டுக்கு அவசரப்படுத்துவார்கள். ராஸுக்கு மட்டும் டிக்கெட் கேளுங்கள். திரும்பும் படகின் நேரத்தையும் படகின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு உடையை இறுக்கிக் கட்டுங்கள்.

1858 மார்ச் 10ஆம் தேதி குடியேற்றத்தின் முதல் கண்காணிப்பாளர் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். முதலில் சாத்தம் தீவில்தான் தங்கினார்கள். அங்கே குடிநீர் போதவில்லை என்று ராஸுக்கு மாறினார்கள். முதல் மூன்று மாதங்களில் தப்பி ஓடிப் பிடிபட்ட கைதிகளில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வாக்கர் தூக்கில் போட்டார். ஓடினவர்களில் பலர், காட்டு வழியாகவே நடந்து பர்மாவுக்குப் போய்விடலாம் என்று நம்பிப் போனவர்கள். சுற்றிலும் கடல் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு 1942 வரை ராஸ்தான் தலைமையிடம். இன்று நீங்கள் பார்ப்பது ஆலமர வகை வேர்கள் பற்றிக்கொண்ட சுவர்கள். தலைமை ஆணையர் பங்களா, தேவாலயம், நடன அரங்கு, ரொட்டி சுடும் இடம், அச்சகம், கல்லறைத் தோட்டம் என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். 1941 ஜூன் நிலநடுக்கம் தீவைப் பலமாக உலுக்கியது, அடுத்த ஆண்டு ஜப்பானியர் வந்தார்கள். அவர்களுடைய பதுங்குகுழிகளும் இங்கே உண்டு.

பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும், இதை யார் கட்டினார்கள், யார் துடைத்துப் பெருக்கினார்கள், தண்ணீர் யார் சுமந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நடன அரங்கின் பெயர்ப்பலகையில் கைதிகளைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. தீவின் அந்தக் கோடியில் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து பாருங்கள். அதிகாரிகளுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறது. இந்தத் தீவில் இறந்த கைதிகளுக்கு எங்கேயும் இல்லை.

மான்களும் மயில்களும் பக்கத்தில் வந்து நிற்கும். பிஸ்கட் போடாதீர்கள். வேர் பிடித்த சுவர்களின் மேல் ஏறாதீர்கள், பல இடங்களில் கட்டுமானம் தளர்ந்திருக்கிறது. தீவு கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் எங்கெல்லாம் படம் எடுக்கக் கூடாது என்று சொல்கிறார்களோ அங்கே மறுபேச்சு வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முதியவர்கள் இருந்தால் மின்வண்டி ஓடுகிறதா என்று இறங்கியதும் கேளுங்கள்.

வைப்பர் தீவு

எல்லா நாளும் படகு ஓடுவதில்லை. முந்தைய நாளே படகுத்துறையில் கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் துறைமுகத்தைச் சுற்றிவரும் படகில் ஏறித் தூரத்திலிருந்தாவது பாருங்கள்.

செல்லுலர் சிறைக்கு ஏறத்தாழ நாற்பது வருடம் முன்பே, 1860களில், இங்கே ஒரு சிறை கட்டிவிட்டார்கள். குடியேற்றத்தின் விதியை மீறியவர்களைச் சங்கிலியில் கோத்து வேலை வாங்கிய இடம். குன்றின் மேல் சிவப்பு நிறத்தில் தூக்குமேடைக் கட்டடம் நிற்கிறது. அது வெகுதூரத்துக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த உச்சியில் வைத்தார்களோ என்று தோன்றும். ஷேர் அலி அஃப்ரிடி தூக்கிலிடப்பட்டது இந்தத் தீவில்தான், 1872 மார்ச்சில். அவர் செய்த காரியம் நடந்த இடத்துக்கு மறுநாள் போகப்போகிறோம்.

சாத்தம், ஹோப்டவுன், மணிப்பூர் மலை

வெள்ளிக்கிழமை காலையில் சாத்தம் போங்கள். பாலம் வழியாக நகரத்தோடு சேர்ந்திருக்கிற தீவு. 1883இல் தொடங்கிய மரஅறுவை ஆலை இன்னும் இயங்குகிறது. படவுக் மரத்தின் சிவப்பைப் பலகையாக அறுத்துப் போட்ட இடத்தில் பார்க்க வேண்டும். கைதிகள் வெட்டிய காடு பலகையாகி வெளியேறிய வாசல் இது. ஆலைக்குள் ஜப்பானியக் குண்டு விழுந்த பள்ளத்தையும் காட்டுவார்கள்.

சாத்தம் படகுத்துறையிலிருந்தே பாம்பூ ஃப்ளாட்டுக்கு வண்டிகளை ஏற்றும் ஃபெர்ரி போகிறது. சாலை வழியாகச் சுற்றிப் போனால் நேரம் அதிகம் ஆகும். அக்கரையில் இறங்கி ஆட்டோ அல்லது கார் பேசி மலைக்குப் போங்கள். அடிவாரத்தில் ஹோப்டவுன். இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு 1872 பிப்ரவரி 8 மாலை மலையிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். படகில் ஏறப்போகும் நேரத்தில் இருட்டிலிருந்து பாய்ந்த ஷேர் அலி கத்தியால் குத்தினார். பெஷாவரில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு வந்தவர், ஹோப்டவுனில் நாவிதர் வேலை செய்துகொண்டிருந்தவர். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோதான்.

மலை உச்சியில் தலைமை ஆணையரின் கோடைக்கால மாளிகை இருந்த இடம் இருக்கிறது. இன்று தேசியப் பூங்கா, நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். பழைய இருபது ரூபாய் நோட்டில் தென்னை மரங்களுக்கு அப்பால் தெரியும் கடற்கரைக் காட்சி இந்த மலைச் சாலையிலிருந்து தெரிவது, வண்டிக்காரர்களே நிறுத்திக் காட்டுவார்கள். மணிப்பூர் பெயருக்குக் காரணம், 1891 ஆங்கிலேய-மணிப்பூர் போருக்குப் பிறகு அரசர் குலசந்திர சிங்கையும் அவருடைய ஆட்களையும் நாடுகடத்தி இங்கே கொண்டுவந்தது. அவர்களுக்கான நினைவுச்சின்னமும் அங்கே உண்டு. அட்டைத் தொல்லை உள்ள காடு, மழை பெய்திருந்தால் முழுக்கால் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது செல்லுலர் சிறை

சனிக்கிழமை காலை, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மதிய உணவுக்காக இடையில் மூடுவார்கள். பத்தரைக்கு மேல் பயணக் குழுக்கள் வந்து நிறைந்துவிடும். அனுமதி பெற்ற வழிகாட்டிகள் வாசலில் இருப்பார்கள். தமிழ் பேசுகிறவர் கிடைப்பாரா என்று கேளுங்கள், கிடைத்தால் அந்தக் கூலி வீணாகாது.

1890இல் லயல், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் அந்தமானைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார்கள். தீவாந்தர தண்டனை என்றால் கைதிகளுக்கு முன்பிருந்த பயம் இல்லை, இந்தியச் சிறைகளைவிட அந்தமானே மேல் என்று நினைக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. இரண்டு நாளாக நீங்கள் பார்த்த இடங்களை நினைத்துப் பாருங்கள். காடு அழிந்து ஊராகிவிட்டது. நல்லபடியாகப் பத்து வருடம் ஓட்டிய கைதி நிலம் வாங்கிப் பயிர் செய்யலாம், மணமும் செய்துகொள்ளலாம். அதனால், வந்து இறங்கியதும் ஒவ்வொருவனும் தனிமையில் நொறுங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்குத்தான் இந்தக் கட்டடம். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டியவர்களும் கைதிகளே. செங்கல் பர்மாவிலிருந்து வந்தது.

புதுக் கைதி முதல் ஆறு மாதம் இங்கே தனிக் கொட்டடியில் கிடக்க வேண்டும். அடுத்த ஒன்றரை வருடம் மற்றவர்களோடு சேர்த்து வைக்கும் சிறை. பிறகு பல வருடம் வெளியே கூட்டுவேலை. பத்தாண்டுக்குப் பின்தான் அனுமதிச் சீட்டு வாங்கிச் சொந்தமாகப் பிழைக்கும் உரிமை. அரசியல் கைதிகளுக்கு இந்தப் படிகளைத் தரவில்லை, அவர்களைச் சிறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வங்காளப் புரட்சியாளர்கள்மேல் போட்ட அலிப்பூர் வெடிகுண்டு வழக்கின் பரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத் முதலியோர் வந்தது 1909 வாக்கில்.

உள்ளே போனதும் முற்றத்தில் நின்று அமைப்பைப் பாருங்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள் சக்கரத்தின் ஆரங்களாகப் பிரிந்தன. ஒவ்வொன்றும் மூன்று மாடி. மொத்தம் எழுநூறுக்குச் சற்றுக் குறைவான அறைகள். ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று மூன்று சிறகுகள்தான் இருக்கின்றன. மற்றவை 1941 நிலநடுக்கத்திலும் ஜப்பானியர் காலத்திலும் அதற்குப் பின்னும் போய்விட்டன. அந்த வளாகத்தில் 1963இல் கட்டிய அரசு மருத்துவமனை இப்போதும் நடக்கிறது, நோயாளிகள் வந்துபோகிற இடம் என்பதால் அந்தப் பக்கம் சத்தம் வேண்டாம்.

அறை ஒன்றுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாலரை மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கும் குறைவான அகலம், பின் சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத்துளை. பிறகு வெளியே வந்து தாழ்ப்பாளைப் பாருங்கள். நீண்ட இரும்புத் தண்டு கதவைத் தாண்டி, சுவரில் குடைந்த குழிக்குள் போய் முடிகிறது. பூட்டு அந்தக் குழியில். உள்ளிருந்து கம்பி வழியாகக் கையை எவ்வளவு நீட்டினாலும் அது எட்டாது. இந்தச் சிறையின் மொத்த யோசனையையும் அந்த ஒரு தாழ்ப்பாளில் பார்த்துவிடலாம். வழிகாட்டி சொல்லாமல் கடந்து போனால் நீங்களே கேளுங்கள்.

முற்றத்தில் ஒரு கொட்டகையில் செக்கு, நார் அடிக்கும் இடம், சவுக்கடி கொடுக்கும் முக்காலி எல்லாம் பொம்மைகளோடு வைத்திருக்கிறார்கள். மாட்டைப் பூட்ட வேண்டிய செக்கில் மனிதரைப் பூட்டி, நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்று அளவு வைத்தார்கள். கடுகு என்றால் 10 பவுண்டு. அளவு குறைந்தால் கால்விலங்கு, குறைந்த சோறு, நின்றபடியே கைவிலங்கு. அரசியல் கைதி இந்துபூஷண் ராய் 1912இல் தன் அறையில் தூக்கிட்டுக்கொண்டார். உல்லாஸ்கர் தத்துக்கு மனம் பேதலித்தது. டேவிட் பாரி என்ற ஜெயிலரின் காலம் அது.

1933 உண்ணாவிரதத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழாய் வைத்து வலுக்கட்டாயமாகப் பால் ஊற்றியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். 1937இல் மறுபடியும் உண்ணாவிரதம் நடந்தது, அதற்குப் பிறகுதான் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சாவர்க்கர் இருந்த அறை மேல்மாடியின் கோடியில் இருக்கிறது, கூட்டம் பெரும்பாலும் அங்கே போய்விட்டுத் திரும்பிவிடும். அதைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கோபுரத்தின் சுவர்களில் மாகாண வாரியாகப் பளிங்கில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். நிதானமாகப் படியுங்கள். அது அரசியல் கைதிகளின் பட்டியல். கொலை, கொள்ளை, திருட்டு என்று தண்டிக்கப்பட்டு இதே அறைகளில் இருந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர் எதுவும் அதில் இல்லை. அவர்கள் கழுத்தில் ஒரு மரச்சீட்டு தொங்கும். எண், தண்டனைப் பிரிவு, தீர்ப்பு நாள், விடுதலை நாள் அதில் இருக்கும்.

கோபுரத்தின் மொட்டைமாடிக்கு ஏறினால் ராஸ் தீவு நேர் எதிரே தெரியும். இரண்டு நாள் முன்பே அங்கே போய்வந்தவருக்கு அந்தக் காட்சியில் ஒரு அர்த்தம் இருக்கும்.

தூக்குமேடை அறையில் ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தூக்கிலிடும் அமைப்பு இருக்கிறது. அங்கே கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் முன்பே சொல்லி வையுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை அந்த அறைக்கும் சவுக்கடிப் பொம்மைகளுக்கும் அழைத்துப் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை இதே சிறையில் ஜப்பானியர்கள் உள்ளூர் மக்களை அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் 1944 ஜனவரியில் இங்கேதான் உயிரிழந்தார். பலரும் இந்தப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். 1979 பிப்ரவரி 11ஆம் தேதி பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறையை தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்.

மாலை ஒலி-ஒளிக் காட்சிக்கு முன்பதிவு அவசியம், டிசம்பர்-ஜனவரியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரும்பாலும் இந்தியில் நடக்கும். முற்றத்து அரசமரம் கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். இந்தி புரியாதவர்கள் காலையில் வழிகாட்டியோடு சுற்றியிருந்தால் எந்தக் கட்டம் ஓடுகிறது என்பது புரிந்துவிடும். கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.

ஞாயிறு: கைதிகளின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர்கள்

ஒரு காரை அமர்த்திக்கொண்டு நகரத்துக்கு வெளியே போங்கள். சாலையோரப் பலகைகளில் மஞ்சேரி, திரூர், மன்னார்காடு, காலிகட், வண்டூர் என்று மலபார் ஊர்ப் பெயர்கள் வரும். 1921இல் மலபார் முஸ்லிம்கள் நடத்திய மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டவர்கள், பின்னால் குடும்பங்களையும் வரவழைத்துக்கொண்டு, தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்து அமைத்த கிராமங்கள். போர்ட் பிளேரில் 'லோக்கல் பார்ன்' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களும் கைதிகளின் வழிவந்தவர்களே. வெவ்வேறு மாகாணம், மதம், சாதியைச் சேர்ந்த ஆண் கைதிகளும் பெண் கைதிகளும் இங்கே மணந்து உண்டான சமூகம். பேசுவது இந்துஸ்தானி. பேச்சு வாக்கில் யாராவது சொன்னால் கேளுங்கள். "உங்கள் தாத்தா என்ன குற்றம் செய்தார்?" என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள்.

அதே பயணத்தில் ஹம்ப்ரீகஞ்ச் நினைவிடத்துக்கும் போகலாம். 1944 ஜனவரி 30ஆம் தேதி, உளவாளிகள் என்று பழிசுமத்தி 44 பேரை ஜப்பானியர்கள் சுட்டுக் கொன்ற இடம். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நேதாஜி போர்ட் பிளேரில் கொடி ஏற்றியிருந்தார். இந்த நினைவிடத்துக்குக் கூட்டம் வருவதே இல்லை. டிரைவருக்கு வழி தெரியுமா என்று கிளம்பும்போதே கேளுங்கள்.

மீதி நேரம் வண்டூர் கடற்கரையில் இருக்கலாம், முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். யாராவது பாராடாங் பக்கம் போய் "ஜாரவாக்களைப் பார்க்கலாம்" என்று, அங்குள்ள பழங்குடியினரைக் காட்ட விலை பேசினால் மறுத்துவிடுங்கள். அவர்களைப் படம் எடுப்பதும் உணவு கொடுப்பதும் சட்டப்படி குற்றம். முதல் நாள் அருங்காட்சியகத்தில் பார்த்த எண்ணிக்கைகள் மனதில் இருந்தால் சட்டத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

இதற்கு அடுத்து எங்கே போகலாம்

அந்தமானுக்கு முன்பே ஆங்கிலேயர்கள் இந்தியக் கைதிகளைச் சுமத்ராவின் பெங்கூலன், பினாங்கு, சிங்கப்பூர் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாளையக்காரர் போர் முடிந்ததும் 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றியது பினாங்குக்குத்தான். சிங்கப்பூரில் 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் இருந்தார்கள். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியது அவர்களுடைய உழைப்பு, உள்சுவர்களுக்குப் பூசியது நம் சென்னைச் சுண்ணாம்புச் சாந்து. சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே இருக்கிறது. ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.